காக்கா தாங்கிக் கப்பல்

நம் வீட்டுப் பின்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தார் டிரம்மில் பாதி அழிந்த எழுத்து ஒன்று இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் 'தாங்கிக் கப்பல்' என்று வாசிக்கலாம். அதற்கு முன்னால் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் மாட்டை அவிழ்க்கப் போய்விடுவேன். உங்கள் அம்மாவைக் கேட்டால் அவளும் எழுந்து போய்விடுவாள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

அதற்கு முன்னால் இருந்த எழுத்து 'காக்கா'. காக்கா தாங்கிக் கப்பல். அப்படி எழுதச் சொன்னவர் ஒரு மேடைப் பேச்சாளர். அவர் பெயரை எழுத மாட்டேன். முன்னாலும் பின்னாலும் பட்டம் வைத்து, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் எத்தனையோ ஊரில் மைக்கில் அந்தப் பெயரைச் சொன்ன வாய் இது. அதுவே போதும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, விழுப்புரத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பழகி, சொந்தமாக ஒரு ஆம்பிளிஃபயரும் நாலு குழாய் ஸ்பீக்கரும் வாங்கியிருந்த காலம். இந்தப் பக்கத்தில் அவருக்கு எந்த ஊரில் கூட்டம் என்றாலும் நான்தான் குழாய் கட்டுவேன். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றே எனக்குத் தெரியாது. "யோவ் மைக்கு" என்றுதான் கூப்பிடுவார்.

மேடை ஏறினால் முதலில் ஜனங்களைப் பார்க்க மாட்டார். மைக்கைப் பார்ப்பார். மோதிர விரலால் இரண்டு தட்டு தட்டுவார். வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வார். வேட்டி மடிப்பைச் சரிசெய்துவிட்டு, குழாயடியில் தண்ணீருக்கு நிற்கிற ஆள் மாதிரி ரொம்பச் சாதாரணமாகப் பேச ஆரம்பிப்பார். கால் மணி நேரத்தில் கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்து கிடக்கும். அந்தத் திறமை இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஊர் உலகத்துக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இருபது வருஷம் குழாய்க்குக் கீழேயே நின்று கத்தியதில் வலது காது சுத்தமாக அடைத்துவிட்டது. இடது காதில் பாதிதான் கேட்கும். கூட்டம் சிரித்தாலும் 'ஓ', கைதட்டினாலும் 'ஓ', வைதாலும் அதே 'ஓ'தான் அவருக்கு. மேடை விளக்கு கண்ணில் அடிப்பதால் முகமும் தெரியாது. அதனால் என்னைக் கணக்குப் பிள்ளையாக வைத்திருந்தார். ஆம்பிளிஃபயர் பெட்டியின் மேல் இடது பக்கம் தீக்குச்சிகளை அடுக்கிவைப்பேன். ஒரு சிரிப்புக்கு ஒரு குச்சியை வலது பக்கம் தள்ள வேண்டும். சும்மா பல்லைக் காட்டினால் சேர்த்தி இல்லை. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். மேடையை விட்டு இறங்கியதும் மாலையைக் கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து இடது காதைக் காட்டுவார்.

"மைக்கு, எத்தினி?"

"பதினொண்ணுண்ணே."

"எதுக்கு அதிகம்?"

சொல்வேன். சின்ன டைரி ஒன்றில் குறித்துக்கொள்வார். எந்தப் பேச்சுக்குக் குச்சி நகரவில்லையோ அதை அங்கேயே அடித்துவிடுவார். அடித்ததை அப்புறம் எந்த ஊரிலும் சொல்ல மாட்டார். அது உண்மையா பொய்யா, நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அந்த டைரியில் கிடையாது. குச்சி நகர்ந்ததா, நகரவில்லையா, அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் நம் அரசாங்கம் வெள்ளைக்காரனிடம் ஒரு பெரிய போர்க்கப்பல் வாங்கியது. விமானம் அதன் முதுகில் வந்து இறங்குமாம். விமானம் தாங்கிக் கப்பல் என்று பேப்பரில் போட்டார்கள். புதுசு இல்லை, அவர்கள் ஓட்டி முடித்தது. அவருடைய கட்சி அப்போது டில்லிக்கு எதிர்க்கட்சி. விடுவாரா?

"வெள்ளக்காரன் ஓட்டி ஓட்டிச் சலிச்சிப்போன கப்பலுய்யா! நம்ம டிப்போவுல ஓட்ட பஸ்ஸ ஓரங்கட்டி வச்சிருக்கானே, அத எவனாச்சும் கோடி குடுத்து வாங்குவானா? டில்லிக்காரன் வாங்குவான்! நீங்க போயி பெயிண்ட மட்டும் அடிச்சி வையிங்க!"

ஒரு குச்சி.

"அந்தக் கப்பலுக்கும் நம்ம டவுன் பஸ்ஸுக்கும் இன்னாய்யா வித்தியாசம்? கப்பல்ல தண்ணி வெளிய நிக்கும். நம்ம பஸ்ல உள்ள நிக்கும்!"

இன்னொரு குச்சி.

அடுத்து ரஷ்யாக்காரனிடம் வாடகைக்கு ஒரு நீர்மூழ்கி எடுத்தார்கள். "தண்ணிக்குள்ளயே கெடக்குமாம். கண்ணுக்கே தெரியாதாம். இதுக்கு எதுக்குய்யா ரஷ்யா? நம்ம ரேசன் கட மண்ணெண்ணெயும் அப்படித்தான! வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது!" இதற்கு விழுப்புரத்தில் ஜனங்கள் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் குழாய்களை இறக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது நானே வாயை விட்டேன். "எங்க ஊர்லயும் ஒரு கப்பலு இருக்குதுண்ணே. நாலு தார் டிரம்முல மூங்கில வச்சிக் கட்டினது." இப்போது நீங்கள் சைக்கிளில் போகிற பாலம் அன்றைக்குக் கிடையாது. தரைப்பாலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு வந்தால் அது மூழ்கிவிடும். அப்புறம் பள்ளிக்கூடம் போகிறவர்கள், ஆஸ்பத்திரி போகிறவர்கள், மண்டிக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை போடுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தத் தெப்பம்தான். உங்கள் பெரியப்பா கயிறு பிடித்து இழுப்பார். வேறு தெப்பம் கிடையாது.

அவர் கிராம்பைத் துப்பிவிட்டு என் தோளைப் பிடித்தார். "யோவ் மைக்கு! இத்தினி நாளா எங்கய்யா வச்சிருந்த இத? திண்டிவனத்துக்குப் பெரிய தலைவரு வர்றாரு. அத மேடைக்கே கொண்டாந்துடு. அவன் விமானம் தாங்கிய காட்றான், நாம இத காட்டுவோம்!"

ஊரில் வந்து சொன்னேன். தலைவர் கண்ணால் பார்த்தால் பாலம் போட்டுக் கொடுத்துவிடுவார் என்று எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. கார்த்திகை மாசத்தில் ஊரில் இருக்கிற ஒரே தெப்பத்தைக் கழற்றி டிராக்டரில் ஏற்றி, திண்டிவனத்துக்கு வேடிக்கை காட்டக் கொண்டுபோனவர்கள் நாங்கள். வேறு எந்த ஊர்க்காரனாவது இதைச் செய்வானா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் பெரியப்பா ஒருவர்தான் டிராக்டர் முன்னால் வந்து நின்றார். "செஞ்சி பக்கம் மேகம் கட்டிக்கினு இருக்குதுடா. ஆறு வர்றதுக்கு நம்ம ஊரு மழ தேவையில்ல. தெரியுமில்ல?"

"ஒரு நாளுதான? நாளைக்கே கொண்டாந்துடுவான் உன் தம்பி" என்று நாலு பேர் அவரை ஓரமாக இழுத்துவிட்டார்கள்.

உங்கள் அம்மாவுக்கு அப்போது நிறை மாசம். தாய்வீடும் இதே ஊர் என்பதால் இங்கேதான் இருந்தாள். வாசல் வரைக்கும் வந்தாள். "பாலம் வந்தா நல்லதுதான். தெப்பத்த மட்டும் கையோட கொண்டாந்துடு" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

திண்டிவனத்தில் பேச்சாளர் சுவர் விளம்பரம் எழுதுகிற ஆளைப் பிடித்து, டிரம் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் எழுத வைத்தார்: காக்கா தாங்கிக் கப்பல். மேலே கட்டிவைக்க உயிரோடு ஒரு காக்கா வேண்டும் என்றார். யாராலும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு கருங்கோழியைக் காலில் கயிறு கட்டி உட்காரவைத்தார்கள்.

"தாய்மார்களே! அவன் கப்பல்ல விமானம் வந்து குந்தும். நம்ம கப்பல்ல காக்கா வந்து குந்தும். அவன் கப்பலு எதிரிய பாத்தாத்தான் சுடும். நம்ம கப்பல்ல ஏறுனாலே உசுரு போயிடும்! சொல்லுங்க, எது பயங்கரமான கப்பலு?"

அந்த நேரம் பார்த்துக் கோழி மைக்கை நோக்கிக் கழுத்தை நீட்டிக் கொக்கரித்தது. திண்டிவனமே குலுங்கியது. இடது பக்கம் இருந்த குச்சிகள் தீர்ந்துபோய், வலது பக்கத்திலிருந்து எடுத்து மறுபடியும் தள்ளினேன். நடுவில், ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நானே கொண்டுபோய் மேடையில் நீட்டினேன். எங்கள் ஊருக்குப் பாலம் வேண்டும், தலைவரிடம் கேளுங்கள் என்று எழுதியிருந்தது. வாசித்தார். மடித்தார். சோடா பாட்டிலுக்கு அடியில் வைத்தார். அவ்வளவுதான். தலைவரும் கோழியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இறங்கியதும் கேட்டேன். "பாலத்தப் பத்தி ஒரு வார்த்த பேசலியேண்ணே?"

"நீ ஒரு பேஜாருய்யா. ஜனம் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சிக்கினு கெடக்குது. அப்ப போயி பாலம் கீலம்னா சிரிப்பு எறங்கிடும்யா."

அதோடு விட்டாரா? "நாளானிக்கி விக்கிரவாண்டி. தெப்பம் நம்மகிட்டயே இருக்கட்டும். அங்க ரைஸ் மில்லு குடோன்ல போட்டு வைக்கறேன்."

"ஊருக்கு வேணும்ணே. வீட்ல மாசமா இருக்காங்க."

"மழையே இல்லியேய்யா! ரெண்டே நாளு. உன் ஊரு கப்பலு, உனக்குத்தான பேரு!"

அவ்வளவு பேர் முன்னால் மேடையில் எங்கள் ஊர்ப் பெயரை அவர் சொல்லியிருந்தார். எனக்கு அது போதையாக இருந்தது. சரி என்றேன். பிள்ளைகளே, அவரைப் பற்றி எழுதும்போது என்னை மறைத்துக்கொண்டு எழுத மாட்டேன். தலையாட்டியது நான்தான்.

மூன்றாம் நாள். விக்கிரவாண்டியில் விளக்குக் கம்பத்தின் மேல் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே தூறல்கூட இல்லை. நம் ஊர் ஆள் ஒருவர் வேட்டி சொட்டச் சொட்ட ஓடி வந்தார். கீழே நின்றபடியே கத்தினார். "செஞ்சி தண்ணி வந்துட்டுதுடா! தரப்பாலம் முழுவிப் போச்சி. உன் வீட்ல வலி எடுத்துக்கினு கெடக்குது. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. கொழந்த குறுக்க நிக்குதாம், ஆஸ்பத்திரிக்கித்தான் போவணுமாம். நான் நீந்தி வந்தேன். தெப்பத்தக் கொண்டா, ஜல்தி!"

ரைஸ் மில்லுக்கு ஓடினோம். குடோன் பூட்டியிருந்தது. சாவி அவரிடம். அவர் ரோட்டோரத்து ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, குடோன் சாவி குடுங்க."

"இன்னாய்யா அவசரம்?"

இடது காதுக்குள் குனிந்து சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். எச்சில் கையை அப்படியே வைத்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தார்.

"இரு இரு. பொண்டாட்டி அந்தக் கர, நீ இந்தக் கர. நடுவுல ஆறு. தெப்பம் எங்கன்னா மேடையில! ஆகா. எதுல படுக்க வச்சிருக்காங்க, கட்டில்லயா? கயித்துக் கட்டிலா, பலகையா?"

"அண்ணே, சாவி."

"தர்றேன்யா. கயித்துக் கட்டில்தான? அப்பத்தான் நல்லா இருக்கும்."

"சாவியக் குடுய்யா!"

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. அவரை நான் 'ய்யா' போட்டது அது ஒரு தடவைதான். டைரியை மூடி, கை கழுவி, துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். "சாயங்காலம் கூட்டத்துக்குள்ள தெப்பம் திரும்பிடணும். நோட்டீஸ்ல போட்டாச்சி."

டிராக்டர் கிடைக்கவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றினோம். ஆற்றங்கரைக்குப் போனால், எதிர்க்கரையில் கயிற்றுக் கட்டில் தெரிந்தது. கட்டிலைச் சுற்றிப் பெண்கள் புடவையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார்கள். நாலு குழாயில் நாலு தெருவுக்குக் கேட்கவைக்கிறவன் நான். இந்தக் கரையிலிருந்து வாயில் கை வைத்துக் கத்தினேன். ஆற்று இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

எதிர்க்கரையிலிருந்து உங்கள் பெரியப்பா கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தி வந்தார். கட்டிலோடு தெப்பத்தில் வைத்துத்தான் அம்மாவைக் கொண்டுவந்தோம். வெள்ளை எழுத்து தண்ணீருக்கு மேலே பளிச்சென்று தெரிந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. டாக்டரம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "ஏன்பா இவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று தெரியும். எப்படிப் போனாள் என்று நாங்கள் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அம்மா மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. அதற்கு அப்புறமும் நான் அவருக்குக் குழாய் கட்டினேன். தொழில், வயிறு என்று எத்தனை சமாதானம் சொன்னாலும் அது சமாதானம் ஆகாது. அவர் ஒரு நாள்கூடக் குழந்தை என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஊர்க்காரர் யாரோ சொல்லி அவருக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் கூட்டணி மாறியது. அவருடைய கட்சி டில்லியோடு சேர்ந்துகொண்டது. விழுப்புரத்தில் கூட்டம். அதே கிராம்பு, அதே மோதிர விரல், அதே கப்பல்.

"அது இன்னா கப்பலாய்யா? மெதக்குற மலை! நம்ம பனமலையப் பேத்துத் தூக்கிக் கடல்ல வுட்டா எப்படி இருக்கும்? அப்படி! அத போயி எதுக்கு வாங்குனன்னு கேக்குறான் ஒருத்தன். உன் ஊட்டுக்குப் பூட்டு எதுக்குடா வாங்குன?"

குச்சி நகர்ந்தது. போன வருஷம் எதிர்ப்பக்கம் சிரித்த அதே ஆட்கள்தான் சிரித்தார்கள். நாட்டுக்கு அந்தக் கப்பல் வேண்டுமா, அந்தச் செலவில் நமக்குப் பாலமும் ஆஸ்பத்திரியும் வேண்டுமா, எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். உட்காரவைத்து அதை ஜனங்களுக்கு விளக்க ஒரு ஆள் வேண்டும். அவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அப்புறம் அதைச் சொன்னார்.

"இந்தக் கப்பலுக்குக் கணக்கு கேக்குறவனுங்க லட்சணத்தக் கேளுங்க. இங்க பக்கத்துல ஒரு ஊரு. ஆத்துல வெள்ளம். பொண்டாட்டி அந்தக் கரையில கயித்துக் கட்டில்ல கெடந்து கத்துறா. தெப்பம் எங்கடான்னா, புருசங்காரன் அதத் தூக்கிக்கினு ஊரூரா மேடையில காட்டிக்கினு திரியறான்! ஊருல இருந்ததே ஒரு தெப்பம். அதக் காப்பாத்தத் துப்பில்ல, இவனுங்க நாட்டக் காப்பாத்துற கப்பலுக்குக் கணக்கு கேக்குறானுங்க!"

கூட்டம் வெடித்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் இருமி இருமிச் சிரித்தார். குழந்தை செத்ததைப் பேச்சாளர் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பு இறங்கிவிடும்.

எனக்கு ஆம்பிளிஃபயரைத் தூக்கி உடைக்க வேண்டும்போல இருந்தது. வயரைப் பிடுங்க வேண்டும்போல இருந்தது. செய்யவில்லை. ஏன் என்றால், அவர் சொன்னதில் பொய் இல்லை. தெப்பத்தை மேடையில் வைத்துவிட்டுப் பல்லைக் காட்டிய புருஷன் நான்தான். இதில் இன்னொரு அசிங்கமும் உண்டு. குனிந்து பார்த்தால் என் விரல் ஒரு குச்சியை வலது பக்கம் தள்ளியிருந்தது. பழகிப்போன விரல்.

கூட்டம் முடிகிறவரை குச்சியை நகர்த்தினேன். அவர் நன்றி சொல்லும்போது வலது பக்கம் இருந்த குச்சிகளை மொத்தமாக வழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாலையோடு இறங்கி வந்தார். இடது காதைக் காட்டினார்.

"மைக்கு, எத்தினி?"

"ஒண்ணுமில்லீங்க."

"இன்னாது?"

காதுக்குள் பலமாகச் சொன்னேன். "ஒண்ணும் இல்லீங்க!"

"யோவ், ஓன்னு கேட்டுச்சேய்யா. அந்தக் கட்டிலு கதைக்கி?"

"அது சிரிப்பு இல்லீங்க. வஞ்சாங்க. அதுக்குத்தான் ரொம்பத் திட்டுனாங்க."

பெட்டியின் வலது பக்கத்தைப் பார்த்தார். காலியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. டைரியை எடுத்து ஒரு பக்கத்தைக் குறுக்கே அடித்தார். பேனா காகிதத்தைக் கிழித்தது. "அப்ப அது வாணாம்" என்றார்.

அங்கே நின்றவர்கள் சால்வை போட்டார்கள், கைகொடுத்தார்கள், "அண்ணே, சூப்பரு" என்றார்கள். உதடு அசைவதைப் பார்த்து, இவன் வைகிறானா வாழ்த்துகிறானா என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பயந்து பயந்து பார்த்துக்கொண்டே வேன் வரைக்கும் போனார். நான் வயரைச் சுற்றினேன். அப்புறம் அவருக்கு நான் குழாய் கட்டவில்லை. அந்தக் கட்டில் கதையை அவர் எந்த ஊரிலும் சொல்லவில்லை என்று மற்ற மைக் செட்காரர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் துவைக்க எடுத்த சட்டைப் பையிலிருந்து உங்கள் அம்மா அந்தக் குச்சிகளை எடுத்தாள். "தீப்பெட்டி இல்லாம இத்தினி குச்சி எதுக்கு?" என்று கேட்டாள். கீழே கிடந்தது என்றேன். வீணாகப் போக வேண்டாம் என்று அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள். ஈர விறகு. ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை குச்சியும் கிழித்த பிறகுதான் அடுப்பு பிடித்தது.